பவுண்டுப் பதிவேடு

மூன்று மாதம். ஒரு மேசை, ஒரு காத்தாடி,
கழுத்தில் மாட்ட ஓர் அட்டை: 'ஓவியர், தற்காலிகம்.'
கூலிம் நகராண்மைக் கழகத்தின் ஆவண அறை
லைசென்ஸ் முகப்பிடத்துக்குப் பின்னால்,
ஆண்கள் கழிவறையைத் தாண்டி.

பேனா கூடாது என்றார் புவான் நோர்லைடா.
தண்ணீர்ப் போத்தல் கூடாது. வண்ணம் கூடவே கூடாது.
பென்சில் மட்டும்;
அதைச் சீவவும் வெளியே போக வேண்டும்.
ஓவியரை வரவழைத்து
வண்ணத்தை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.
சரி என்றேன். பணம் மாதக் கடைசியில்.

முதல் வாரம் என் ஆள்களைத் தேடினேன்.
அம்மா பால்வெட்டிய புளியடித் தோட்டம்
வரைபடத்தில் பச்சையாக, வெறுமையாக இருந்தது,
குறுக்கே எழுதியிருந்தது: எல்லைக்கு வெளியே.
விளக்குக் கம்பம் இல்லை, குழாய் இல்லை, வரி இல்லை,
ஆகவே காகிதமும் இல்லை.

நாய்க்கு லைசென்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.
ஐஸ்கச்சாங் விற்றவர், பல் கட்டியவர்,
கடைக்கு மேல் மாடி கேட்டு
மூன்று முறை எழுதிய தௌக்கே,
எல்லாரும் கையெழுத்தோடு இருக்கிறார்கள்.

எட்டாம் நாள்
கரப்பான் முட்டை ஒட்டிய நீளமான நோட்டு ஒன்று.
தெருவில் பிடிபட்ட மாடுகள்,
எழுபத்தாறிலிருந்து எண்பத்திரண்டு வரை.

மாட்டுக்கு எல்லை தெரியவில்லை.
டவுன் பாடாங்கில் புல் நன்றாக இருந்திருக்கிறது.

'பசு. செவலை. இடக்கொம்பு பாதி.
பிடித்த இடம்: போலீஸ் நிலையத்துப் பூச்செடிகள்.
சடையம்மா, புளியடி, ஆறாம் லயம்.'
'கிடாரி. வெள்ளை. வயிற்றில் கறை, சிலோன் வடிவம்.
அஞ்சாப்புலி, புளியடி. பிடிக்க வந்தவரை முட்டியது.'

எழுதியவர் கிராணி யோ சின் ஹொக்.
மாட்டை நின்று பார்த்திருக்கிறார்.
ஆள்களுக்குப் பெயரும் தொகையும் போதும் என்று
நினைத்திருக்கிறார்.
அபராதம் பதினைந்து வெள்ளி, தீனிக்கு நாளுக்கு இரண்டு.
பட்டி திறக்கும் நேரம் காலை எட்டு முதல் பத்து.

கடைசிக் கட்டத்தில் ஊதா மை, கட்டைவிரல்.
சடையம்மாவின் விரல் மூன்று தடவை.
பக்கத்தில் யோ எழுதுகிறார்:
ரேகை விழவில்லை. பிறகு: விழவில்லை.
பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் மாடு இல்லை.
அதனால் நாங்கள் எங்கேயும் இல்லை.

மற்றவர்களின் மாடுகளை வரைந்தேன்,
யோ சொன்ன கொம்போடு, யோ சொன்ன கறையோடு.
சிலோனைச் சரியாக வரைய
பள்ளிப் பிள்ளையிடம் அட்லஸ் கடன் வாங்கினேன்.
நூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
கையுறைக்குள் விரல் வெந்து வெளுத்தது.

பண்பாட்டுப் பிரிவுத் துவான் ஃபைசால்
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.
'நல்லா இருக்கு. நகரம் எங்கே?'

கண்காட்சி கீழ்த்தளத்தில்,
பார்க்கிங் சம்மன் கட்டும் வரிசைக்கு எதிரே.
எண் எடுத்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில்
மாடுகளைப் பார்த்தார்கள்.
ஒரு பிள்ளை எல்லாவற்றையும் எண்ணி
நூற்றுப் பதினொன்று என்றது.

சரிதான். ஒன்று வெறும் தாள்.
'கன்று. ஏலம், நாற்பது வெள்ளி.
உரியவர் வரவில்லை.'
நிறம் இல்லை, கொம்பு இல்லை.
அன்றைக்கு யோ லீவாக இருக்கலாம்;
கையெழுத்து வேறு.

தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர்,
ஐம்பதுக்கு மேல் இருக்கும்,
தன் எண்ணைக் கூப்பிட்டும் போகாமல்
அந்தத் தாளின் முன் நின்றார்.
'இது யாரோட மாடு?'
தெரியாது, யாரும் கேட்டு வரவில்லை என்றேன்.

கீழே ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தார்.
எட்டு முதல் பத்து.
'பால் எடுக்கிற நேரம்' என்றார்.
'எப்படி வருவாங்க?'